நாய்ப் படம் வைத்த அண்ணா

கல்லூரியில் எங்களுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே முதலாண்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவிந்தன. ஜீன்ஸ் போடலாமா, பம்மலிலிருந்து எந்த பஸ், கேன்டீனில் எது நன்றாக இருக்கும்? பெயர் போடாமல் நாய்ப் படம் மட்டும் வைத்திருந்த ஒருவர் சளைக்காமல் பதில் சொன்னார். யாரோ சீனியர் என்று நம்பி, “தேங்க்ஸ் அண்ணா” என்று தினமும் உருகினேன்.

முதல் நாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த இரும்புலியூர்ப் பெண்ணின் போனில் அதே நாய்.

“அந்த அண்ணா நீதானா?” எனக்கு எரிச்சலாக வந்தது.

“எனக்கும் ஒண்ணும் தெரியலப்பா. அதான் சாயங்காலம் காலேஜ் வாசல்ல நின்னு, வெளிய வர்ற சீனியர்ஸ எல்லாம் புடிச்சுக் கேட்டேன்.”

“கேன்டீன் பொங்கல் சூப்பர்னு யார் சொன்னா?”

“அது மட்டும் நானா சொன்னது. வா, போய்ப் பாக்கலாம்.”