சுங்க அதிகாரி வீட்டுக்குப் போன வட்டா

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவோம். பலகாரப் பெட்டிகளோடு ஒரு வட்டாவும் போகும். கால் வைத்த பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஓரத்தில் சிகரட். மாப்பிள்ளையின் தகப்பன் அதிலிருந்து எதையாவது எடுத்தால் சம்மதம். தொடாமல் விட்டால் போன வழியே திரும்ப வேண்டியதுதான்.

அண்ணன் மகளுக்கு அந்தப் பையன்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிரியம். வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவனோ தகப்பனின் சொல்லைத் தாண்டமாட்டான். தகப்பன் கொழும்பில் சுங்க அதிகாரி. லீவில் அமிர்தகழி வீட்டுக்கு வந்திருந்தார்.

வவுணதீவிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் வாவி விரிந்து வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. காற்று என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. எனக்கு இறங்கி நடக்க வேண்டும் போலிருந்தது. எப்போதும் அப்படித்தான், வண்டியில் இருந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் பறக்கத் தோன்றும். மடியில் வட்டா இருந்ததால் அடங்கிக் கிடந்தேன். சும்மா இருக்க முடியாமல் மேல்துணியை விலக்கினேன். பொன் விளிம்பு வைத்த சிகரட் பெட்டிகள். நம் நாட்டுப் பெட்டி என்றால் முக்கால்வாசியும் புற்றுநோய்ப் படம் இருக்கும். இவற்றில் படமே இல்லை.

"அண்ணே, இது எங்கால?"

"டவுன்ல ஒரு கடையில மேசைக்குக் கீழ வச்சிருந்தான். வெளிநாட்டுச் சாமான்கா."

"கள்ளமா வந்த சாமான்! அந்த மனுசன் கஸ்டம்ஸ் எல்லோ?"

"அதுக்குத்தானே வாங்கின. உலகத்துச் சாமானெல்லாம் பாத்த மனுசனுக்கு முன்னால உள்ளூர்ச் சிகரட்ட வைக்க ஏலுமா? நீ உன்ர கவிதை எழுதுற வேலையப் பாருகா."

எடுத்து ஒளிக்கப் பார்த்தேன். வட்டாவிலிருந்து வழியில் எதையும் எடுக்கக் கூடாதென்று அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

அமிர்தகழியில் சர்பத் வந்தது, சிரிப்பு வந்தது. வட்டாவை அவர் முன்னால் வைத்தோம். வெற்றிலைக்கு நீண்ட அவருடைய கை பாதியில் நின்று, ஒரு பெட்டியைத் தூக்கியது.

"எடுத்திட்டாரு!" என்றார் அண்ணன், வாயெல்லாம் பல்லாக.

"இன்னும் எடுக்கல்ல. சோதிக்கிறன்" என்றார் அவர். கண்ணாடியைப் போட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னத்தில வந்ததெண்டு தெரியுமா?"

"எங்கட வான்லதான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது, பிடித்த பாட்டு ரேடியோவில் வந்ததுபோல.

"ஒரு நாட்டில செய்யிற. இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில இறக்கி, கடுதாசிய மாத்திற. இஞ்ச வரக்குள்ள கொள்கலன்ல இரிக்கிறது மேசை கதிரை எண்டு பதிஞ்சிருக்கும். கதவத் திறந்தா முன்னுக்குக் கொஞ்சம் கதிரை, பின்னால முழுக்க இதுதான். முந்தி வெளிநாட்டால வாற ஆக்கள்ற பெட்டியில கொஞ்சம் கொஞ்சமா வந்த. இப்ப பாதை மாறிற்று. வரி கூடக்கூட வழியும் கூடுது."

அவர் கை வீசிய பக்கமெல்லாம் கடல் திறந்தது. கப்பல்கள் அந்த வீட்டின் சின்ன ஹோலுக்குள் வந்து திரும்பின, துறைமுக விளக்குகள் எரிந்தன. வந்த காரியம் எனக்கு மறந்தே போனது.

"நடுக்கடல்லயும் மாத்துவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி தொடையில் கிள்ளினார்.

"ஓம் ஓம், அது பெரிய கதை" என்று தொடங்கியவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வெளியே மதிலோரம் ஒரு சேவல் கூவியது.

"இது இரிக்கிற வட்டாவில எடுத்தா நான் என்ன முகத்தோட வேலைக்குப் போற? எடுக்காம உட்டா என்ர மகன்ற முகத்தில எப்பிடி முழிக்கிற?"

"மறுகா என்ன செய்யப் போறீங்க?" என்றார் அவர் மனைவி, இடுப்பில் கை வைத்து.

அவர் பெட்டிகளை ஒன்றுவிடாமல் அள்ளினார். "இதெல்லாம் பறிமுதல். ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க. மச்சான், நீங்களும் வாங்க. கொண்டு வந்த ஆளுக்கும் அழிக்கிற வேலை இரிக்கு."

மச்சான்! சம்பந்திகள் இங்கே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். அண்ணனுக்கு மட்டும் விளங்கவில்லை. தண்டனைக்குப் போகிறவர் போலப் போனார்.

கிணற்றடியில் இரண்டு தகப்பன்மாரும் குந்தியிருந்து சிகரட்டுகளை ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் பிய்த்துப் போட்டார்கள். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் சிவந்தது. அண்ணன் குனிந்து மணந்து பார்த்தார். பயமெல்லாம் போய் அவருக்குள்ளிருந்த வட்டைக்காரன், வயல் செய்கிறவன், விழித்துக்கொண்டான்.

"இத வீணா ஊத்தாதீங்க மச்சான். கத்தரிக்கு அடிச்சா பூச்சி கிட்டயும் வராது."

"சட்டத்தில அதுக்கு இடமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் வாளியைக் கத்தரிப் பாத்தி பக்கம் நகர்த்தினார். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உள்ளே வந்து, வட்டாவிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

"வயல்ல வேளாண்ம வெட்டு முடியட்டும், நாள் வைப்பம்."

நான் வாசலுக்கு ஓடி அண்ணன் மகளுக்கு அழைப்பு எடுத்தேன்.

"மாமி, என்னத்தயும் எடுத்தாரா?"

"எல்லாத்தையும் எடுத்திட்டார் புள்ள."

அந்தப் பக்கம் குசினியில் ஏதோ பெரிய சட்டி விழுந்து உருண்டது.