லாக்கரில் கிடந்த நான்கு செய்திகள்

காலை 10.10. தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுபோனதால் ஷிப்டிலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். வல்லக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஒன்பதாவது படிக்கும் என் மகள் யூனிபார்மோடு நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறாள்!

“ஸ்கூலுக்குப் போவாம இங்க இன்னாடி பண்ற?”

“கிளாஸ்ல எழுந்து சத்தமா படிக்கச் சொன்னா மூச்சு அடைக்குதும்மா. நாலு நாளா போவல.”

போனைப் பார்த்தேன். ‘வரவில்லை’ என்று பள்ளியிலிருந்து நான்கு செய்திகள். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். மாலையில் விளம்பரம் என்று நினைத்து எதையும் திறக்க மாட்டேன்.

உடனே பள்ளிக்கு ஓடி, டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னோம். “மொதல்ல எனக்கு மட்டும் படிச்சுக் காட்டு. நீ ரெடின்னு சொன்னப்புறம் கிளாஸ்ல படிக்கலாம்” என்றார் டீச்சர். மகள் சிரித்தேவிட்டாள்!

வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணையும் பள்ளியில் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாக அந்த எண்ணுக்கு ‘வரவில்லை’ என்று ஒரு செய்தியும் வரவில்லை.