கண்டறிய முடியாத நிலை

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி ஓடும் எல்ஆர்டி ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சொல் சிக்காமல் இழுத்தடித்தால் நான் அதில் ஏறி முன்கண்ணாடி அருகே நின்றுகொள்வேன். காயும் துணிகள், யாரோ ஒருவர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் எல்லாம் அரைத்தூக்கத்தில் பார்ப்பதுபோல வந்து விலகும். இறங்க வேண்டிய நிலையம் வரும். இறங்க மாட்டேன். பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் சொல் வந்துவிடும்.

சுகாதாரத் துண்டறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. டெங்கி, காசநோய், நீரிழிவு என்று இந்தத் தீவுத் தமிழர்களுக்கு வரக்கூடிய அத்தனை வியாதியும் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அப்படித்தான் ஒருநாள் எச்ஐவியும் வந்தது. அந்தத் துண்டறிக்கையின் உயிரே ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் இருந்தது: 'அன்டிடெக்டபிள்'. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும், அந்த அளவிலேயே இருந்தால் உடலுறவில்கூட அடுத்தவருக்குத் தொற்றாது என்பது செய்தி.

இதைப் போடலாமா வேண்டாமா என்றே ஒரு கூட்டம் நடந்தது. நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "பயம் போச்சுன்னா ஜாக்கிரதையும் போயிடும் லா," என்றார் ஓர் அதிகாரி. ஒரு தாதிக்கு வந்ததே கோபம். "பயந்தவங்க டெஸ்டுக்கே வர மாட்டாங்க சார். அவங்களைத்தான் நாங்க கடைசியில வார்டுல பாக்குறோம்," என்றார். இருவரும் மாறி மாறிப் பேச, நான் சன்னலுக்கு வெளியே ஒரு மழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்ன, நான் மொழிபெயர்ப்பவள்தானே என்று இருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கடைசியில் தாதியின் பக்கம் வென்றது. நான் இரண்டு சுற்று ரயிலில் போய் வந்து எழுதினேன்: 'தொடர்ந்து மருந்து உட்கொண்டால் கிருமி கண்டறிய முடியாத நிலையை அடையும்.' அகராதிப்படி அப்பழுக்கில்லை. அச்சாகி வந்தபோது தடவித் தடவிப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து என் தம்பி அதே ரயிலில் என் பக்கத்தில் நின்றிருந்தான். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவன். தனியாக ஒரு சிறிய வீட்டில் இருந்தான். என்னைப் பார்க்க வந்தவனை வழியனுப்ப நானும் ஏறியிருந்தேன். நிலையம் வந்தது. கதவு திறந்தது. அவன் இறங்கவில்லை.

"இன்னொரு ரவுண்டு போலாமா அக்கா?" என்றான்.

அந்தச் சுற்றில்தான் சொன்னான். நான்கு வருடமாக அவனுக்கு எச்ஐவி இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை. "பட் ஐ'ம் அன்டிடெக்டபிள், அக்கா," என்றபோது அவன் முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவனின் களை இருந்தது. எனக்குக் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் கரைந்து ஓடியது. மழை இன்னும் தொடங்கவில்லை. அழுகிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நான்கு வருடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் திட்டினேன்.

அவனுடைய கவலை அம்மா. அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா மாத்திரைப் புட்டியைப் பார்த்திருக்கிறாள். விட்டமின் என்று சமாளித்திருக்கிறான். இனிமேல் அவளிடம் பொய் சொல்ல முடியாது என்றான். உண்மையைச் சொல்வதற்கு அவனிடம் தமிழ் இல்லை. அவன் படிப்பு, வேலை, டாக்டரிடம் பேசுவது எல்லாமே ஆங்கிலம். அம்மாவிடம் அவன் பேசும் தமிழ், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காய்ச்சலுக்கும் போதும். இதற்குப் போதாது.

நான் பையிலிருந்து என் துண்டறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். "இதைக் குடு. எல்லாம் தெளிவா எழுதியிருக்கு," என்றேன். எனக்குப் பெருமை வேறு.

தேக்கா சந்தைக்குப் பக்கத்து புளோக்கில் அம்மா தனியாக இருக்கிறாள். தமிழ்ப் பத்திரிகையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரு வரி விடாமல் படிப்பவள். தம்பி ஒரு புதன்கிழமை போய், மூன்றே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி, துண்டறிக்கையை நீட்டியிருக்கிறான். அம்மா படித்தாளாம், மடித்து வைத்தாளாம், "சாப்பிட்டுப் போ" என்றாளாம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல வருகிறேன் என்று அவன் கிளம்பிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிராஞ்சியில் இருந்தேன். வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றில் பேச, கூட்டத்தில் கோபப்பட்ட அந்தத் தாதி என்னையும் அழைத்துப் போயிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. வெளியே கம்பி வேலி முழுக்கச் சட்டைகள் காய்ந்தன. துண்டறிக்கையை வாங்கிப் படித்த ஓர் இளைஞர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கை தூக்கினார்.

"அக்கா, கண்டறிய முடியாதுன்னா மெடிக்கல் செக்கப்புல மாட்டாதுதானே? அப்ப ஊருக்கு அனுப்ப மாட்டாங்கள்ல?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அது கிருமியோட அளவப் பாக்கிற சோதனை தம்பி. செக்கப்புல பண்ற ரத்தச் சோதனை வேற, அதுல தெரியும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலை அனுமதி போனால் ஊரில் என்னென்ன போகும் என்று அவருக்குத் தெரியும். என் வாக்கியத்தை அவர் ஏன் அப்படிப் படித்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் திரும்பும் வழியில் பஸ் வர நேரமாகி, புல்வெளிக்கு மேலே கொக்குகள் பறந்ததில் லயித்துவிட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் தம்பி கூப்பிட்டான். குரல் மரத்துப்போயிருந்தது. "அம்மா எனக்குத் தனி டம்ளர் வெச்சிருக்காங்க அக்கா. அவங்களுக்குப் பழசு, எனக்கு மட்டும் புதுசா ஒண்ணு. என் பேரோட எழுத்து வேற வெட்டியிருக்காங்க. மாறிடக் கூடாது பாரு. மேல ஷெல்ஃப்ல தனியா வெச்சு எடுக்கிறாங்க." பிறகு, "தண்ணியக் குடிச்சிட்டு வந்துட்டேன். இனிமே போக மாட்டேன் லா," என்றான்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம்தான். சீர் வரிசைக்குக் கொடுத்தது, கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தது என்று எல்லாவற்றிலும் ஏதாவது ஓர் எழுத்து குத்துப்புள்ளிகளாக இருக்கும். ஆனால் இது? எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழர்கள் வாழும் இடத்தில் தனி டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது! அப்பா இறந்தபோதுகூட நான் அம்மாவிடமிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பதாக உணர்ந்ததில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏதேதோ சாக்குச் சொல்லி நானும் போகவில்லை. அம்மா கூப்பிட்டு, "அவன் ஏன் வரல?" என்று கேட்பாள். "வேலையா இருக்கும்," என்று வைத்துவிடுவேன். சண்டை போடப் பயம். போய்ப் பார்த்து அது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. ரயிலில் ஏறி ஏறிச் சுற்றினேன். எத்தனை சுற்றுக்கும் ஒன்றும் வரவில்லை.

நான்காவது சனிக்கிழமை போனேன். அம்மா கதவைத் திறந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்து மேல் அலமாரியைத் திறந்தேன். மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. பிரித்தேன். கை அதன் கனத்தை உணர்ந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எவர்சில்வர் இப்படிக் கனக்காது. இப்படி மெத்தென்று மின்னவும் செய்யாது.

அது வெள்ளி.

"உன் சின்ன வயசுக் கொலுசைப் போட்டு வாங்கினேன்," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "கோவிச்சுக்காதே. வெள்ளியில தண்ணி குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. சிராங்கூன் ரோட்டுக் கடையிலேயே எழுத்தும் வெட்டிக் குடுத்தான்."

என் தம்பிக்கு மருந்தின் ரசாயனப் பெயரெல்லாம் அத்துப்படி. வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் வித்தியாசம் தெரியாது. பளபளவென்று இருந்தால் அவனுக்கு எல்லாம் எவர்சில்வர்தான். அன்றைக்கு அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓர் எழுத்து மட்டும்.

எதற்கு அவனுக்கு வெள்ளி டம்ளர் என்று கேட்டேன். அம்மா பூசை அறையிலிருந்து துண்டறிக்கையை எடுத்து வந்தாள். மடித்து மடித்து நைந்திருந்தது. என் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதப் பாரு. 'கிருமி கண்டறிய முடியாத நிலையை அடையும்'. மருந்தத் தின்னத் தின்ன அது எங்கயோ போய் ஒளிஞ்சிக்குமாம். டாக்டருக்கே புடிபடாதாம். இந்த ஊருலயே கண்டுபுடிக்க முடியலன்னா இனி எங்க கொண்டு போறது? புள்ள எத்தன நாள் இருப்பானோ, இருக்கிற வரைக்கும் வெள்ளியில குடிக்கட்டுமேன்னுதான்..." துண்டறிக்கையை மறுபடியும் மடித்தாள்.

ஒரு மாதமாக அவள் தன் மகன் சாகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு தனியாக இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அவன் கிருமியைப் பற்றி வெளியே தெரிந்தால் அவனுக்கு அசிங்கம் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவனோ அம்மா தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று இன்னொரு வீட்டில் இருந்திருக்கிறான். நடுவில் இருந்தது என்னுடைய அப்பழுக்கில்லாத ஒரு வாக்கியம். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"அம்மா, இத எழுதினது நான்தான்," என்றேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மெதுவாகச் சொன்னேன். ஒளிந்துகொள்ளவில்லை, குறைந்துவிட்டது. சோதனையில் காட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப்போல வயதாகி, முடி நரைத்து, முட்டி வலித்து இருப்பான். அவனிடமிருந்து யாருக்கும் ஒட்டாது.

"மாத்திரைய நிறுத்தினா?"

"திரும்பவும் கிளம்பும்."

"அப்ப அடங்கியிருக்குன்னு சொல்லு!" என்று அம்மா கத்தியே விட்டாள். "பால் பொங்குது, அடுப்பக் குறைக்கிறோம், அடங்குது. கூட்டி வெச்சா மறுபடியும் பொங்கும். அடங்கிடுச்சுன்னு ஒரு வார்த்த எழுத உனக்கு என்னடி கேடு? படிச்சுக் கிழிச்ச!"

திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஒட்டும் என்று பயந்தாயா என்று கேட்டேன். மறைக்கவில்லை. "மொத நாள் அவன் குடிச்ச கிளாஸ ரெண்டு தரம் கழுவினேன். அப்புறம் உன் நோட்டீஸ்லேயே தொட்டாலும் ஒண்ணா சாப்பிட்டாலும் ஒட்டாதுன்னு போட்டிருந்துச்சு. அது புரிஞ்சுது. விட்டுட்டேன்." எப்படி வந்தது என்று அவனிடம் கேட்கப் போகிறாயா என்றேன். "எதுக்கு? கேட்டா அவன் பதில் சொல்லணுமே," என்றாள்.

அன்று மாலை தம்பிக்குப் போன் செய்து, "அது வெள்ளிடா, மடையா," என்றேன். அந்தப் பக்கம் ஒரு ரயில் அறிவிப்பு நான்கு மொழிகளிலும் ஓடி முடிந்தது.

மறுநாள் அவன் வந்தான். வாசலில் நின்று செருப்பை நிதானமாகக் கழற்றினான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழே சந்தையிலிருந்து மல்லிகையும் மீனும் கலந்த வாசனை ஏறி வந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மாவும் அவனும் ஏதோ பழைய கனவில் நிற்கிறவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. அவன் கண் தானாகவே மேல் அலமாரிக்குப் போனதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். எழுந்து போய், கழுவி வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். விளிம்பு நசுங்கியது. எங்கள் மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குடிப்பது. அதில் தண்ணீர் ஊற்றி அவன் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"உனக்குத்தான் அடங்கிடுச்சாமே. அப்புறம் என்னத்துக்கு வெள்ளி? எல்லாரும் குடிக்கிறதுலயே குடி."

அவன் அந்த நசுங்கிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். இன்னும் வேண்டும் என்று நீட்டினான்.

அம்மா ஊற்றினாள். பிறகு மேல் அலமாரியிலிருந்து, அவன் எழுத்து வெட்டிய வெள்ளி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து தன் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் முட்டி வலி," என்றாள்.