பெரட்டில் டைகர்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுகளைப் பழைய கங்காணி காலத்திலிருந்தே பார்த்தவன் நான். நாயைக் கூப்பிட்டது இன்றைக்குத்தான்.

இப்போது பேர் கூப்பிடுவது ஆபீஸ் கம்ப்யூட்டர். காலையில் அது என் மருமகள் செல்வியை விட்டுவிட்டு, தோட்டத்து மேனேஜர் தொரையின் நாய் டைகரைக் கொழுந்தெடுக்கக் கூப்பிட்டது.

கம்ப்யூட்டர்காரத் தம்பி வந்து பார்த்தார். "புரோகிராம் போடுறப்ப அந்த ஃபோல்டர யாரு வேணா மாத்துற மாதிரி தொறந்து விட்டுட்டேங்க. யாரோ பேரு ஃபைல மாத்தி வச்சிட்டாங்க."

"ஆபீசுக்கு மூணு பூட்டு போட்டிருக்கீங்களே தம்பி" என்றேன்.

"அது கதவுக்குங்க."

செல்வி, வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டாள். "அப்ப எனக்கு வேலைங்க ஐயா?"

"கம்ப்யூட்டர் சொல்லாம நான் எப்புடிம்மா பேர் போடுறது?"

சாயந்தரம் விசாரித்தேன். கொழுந்து குறைவு என்று டைகருக்கு அரைநாள் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டிருக்கிறார்கள். செல்விக்கு அதுவும் இல்லை.

உங்கள் தோட்டத்தில் இன்றைக்கு யாருக்குப் பேர் விழுந்தது?