இரண்டாவது சங்கு

“காத்துல கரண்டு வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கா? அப்போ அந்தப் புஸ்தகத்தக் கொண்டுபோயி பேக்டரியில மாட்டு மோளே. ஓடுதான்னு பாப்போம்.”

இதைச் சொன்னவர் என் தாய்மாமா. மலைக்குக் கீழே நகரத்தில், ஆரியசாலையில் மொத்தக் கடை ஒன்றில் மூட்டை தூக்குகிறவர். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கல்லாற்றுக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. மாமாவுக்கு மூட்டை மேல் இருக்கும் அடையாளம் தெரியும், எழுத்து தெரியாது. ஆகவே அவர் என் புத்தகத்தைக் கேலி செய்தபோது எனக்கு வலிக்கவில்லை. படிக்காதவர் என்று மனதுக்குள் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டேன். அவ்வளவு திமிர். இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கஷ்டப்பட்டுச் சேர்த்தது, விடுவதாக இல்லை.

எஸ்டேட் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலில் சம்பளம் தள்ளிப்போனது, பிறகு வராமலே போனது. கட்டணம் கட்டாததால் கரண்டை வெட்டிவிட்டார்கள். பேக்டரி நின்றது. அதோடு சங்கும் நின்றது.

சங்கு என்றால் பேக்டரிக் கூரையில் இருந்த சைரன். மலையில் யார் வீட்டிலும் கடிகாரம் பார்க்கிற வழக்கம் கிடையாது. காலையில் முதல் சங்கு ஊதினால் வீட்டை விட்டு இறங்க வேண்டும். இரண்டாவது சங்குக்குள் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். பேர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. சங்கு ஊதாத அந்த வருடத்தில் எங்கள் ஆட்கள் விடிந்த பிறகும் என்ன செய்வது என்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். தேயிலைச் செடிகள் கிள்ளுவார் இல்லாமல் மரமாகிக்கொண்டிருந்தன. காட்டுப்பன்றி தைரியமாக லயத்துக்குள் வந்தது.

மாமா விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி மேலே வருவார். வந்தால் ஒரே பேச்சுதான்.

“மாப்பிள்ள, இங்க இருந்து அட்டைக்கு ரத்தம் குடுக்கிறதுக்குப் பதிலா கீழ வாங்க. நீங்க மூட்டைக்கு, அவ மிளகாக் குடோனுக்கு. கடை முதலாளி வீட்டுல கொழந்தையப் பாத்துக்க ஒரு பொண்ணு வேணும்னு கேட்டாரு. இவளை விட்டா மூணு நேரமும் சோறு. சுகமல்லே?”

எனக்கு சுகமில்லை. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். அப்பா ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார்: “பேக்டரி தொறக்கும் மச்சான். அதுவரைக்கும் அவ பள்ளிக்கூடம் போகட்டும்.”

பேக்டரி திறந்தால் பள்ளிக்கூடம். திறக்காவிட்டால் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் பால்புட்டி. என் கணக்கு அவ்வளவுதான்.

அந்த வருட மழைக்கு முன்னால் முகட்டில், கரண்டு எடுக்க என்று ஒரு காற்றாடி நட்டார்கள். லாரியில் துண்டு துண்டாக வந்தது. கம்பத்தை நிமிர்த்த லயத்து ஆண்கள் அத்தனை பேரும் கயிறு இழுத்தார்கள். மேனேஜர் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் கூட்டி, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: “இனி கரண்டுக்கு ஒருத்தன்றெ காலும் பிடிக்க வேண்டாம். காத்து நம்முடேது. எஸ்டேட் வாங்கறதுக்குப் பெரிய பார்ட்டி வருது. பேக்டரி ஓடும்.”

ஆட்கள் கை தட்டினார்கள். லயத்துக்குத் திரும்பியதும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அத்தைதான் எல்லாருக்கும் மேலே.

“எங்க கங்காணி வீட்டு விசிறிக்கு கரண்டு குடுத்தாத்தான் சுத்தும். இது சுத்தினா கரண்டு குடுக்குமாம். மாடு பாலைக் குடிச்சிட்டுப் புல்லைக் கறக்கும்னு சொல்லுவான் போல இந்த மேனேஜரு!”

ஒருவர் அது மேகத்தைத் தள்ளிவிடும் என்றார். இன்னொருவர், யானையை விரட்ட வைத்திருக்கிறார்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் அறிவியல் புத்தகத்தில் இதே படம் இருந்தது. விதுரையில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததை லயத்துத் தமிழில் மாற்றி, காற்று இறக்கையைத் தள்ளும், இறக்கை டைனமோவைச் சுற்றும், டைனமோ கரண்டு தரும் என்று விளக்கினேன். நம்பாதவர்களை முகட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். கம்பத்தின் அடியில் கம்பி வலைக்குள் ஒரு குண்டு பல்பு இருந்தது. காற்று பலமாக அடித்தபோது அது மெல்லச் சிவந்து, பிறகு மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் தகட்டில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்.

“பத்து கிலோவாட்!”

மாமாவும் அன்று வந்திருந்தார். “பத்து கிலோவா? அரிசின்னா ஒரு பத்து நாள் ஓடும். கரண்டுல பத்து கிலோ எத்தன நாளைக்கு வரும் மோளே?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல், “பேக்டரி ஓடுற அளவுக்கு வரும்” என்றேன்.

காற்றாடிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருந்தது. கதவில் மண்டையோட்டுப் பலகை. அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்: அபாயம், கிட்டே போனால் ஆள் இருக்காது. ஒருவரும் கிட்டே போகவில்லை. ஷெட்டுக்குள் போக ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அது என் அப்பா. காற்றாடியைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் அவரைத்தான் வைத்தார். வாயைத் திறக்காத மனிதர் என்பதால் வைத்தார் என்று இப்போது தெரிகிறது. கெட்டிக்காரர் என்பதால் வைத்தார் என்று அப்போது நினைத்தேன்.

மாலையில் அப்பா முகட்டுக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் பங்களாவில் விளக்கு எரியும். மேலேயிருந்து மெல்லிய கடகடச் சத்தம் வரும். கரண்டு உண்டாகிற சத்தம் அது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அடுத்த தடவை வந்த மாமா வாசலில் பீடி பிடித்துக்கொண்டே கேட்டார்: “இல அசையல. பங்களாவுல லைட்டு எரியுது. அது யாரு வீட்டுக் காத்து?”

“பேட்டரியில சேத்து வச்சிருப்பாங்க மாமா.” புத்தகத்தில் அதுவும் இருந்தது.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து காலில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் அப்பாவின் சட்டையில் புதிதாக ஒரு வாசனை வந்தது. கூர்மையாக, எண்ணெய்ப் பிசுக்காக, மூக்கில் ஏறி நிற்கும். துவைத்தாலும் போகாது. கரண்டுக்கு அப்படி ஒரு வாசனை இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். வகுப்பில் டீச்சர் மின்சாரத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று சொன்னபோது எழுந்து நின்றேன். “மணமுண்டு டீச்சரே, எங்க அச்சன்றெ ஷர்ட்டில் உண்டு” என்றேன். வகுப்பே சிரித்தது. அவர்கள் வீட்டில் கரண்டு உண்டாக்குகிற அப்பா இல்லை, பாவம் என்று உட்கார்ந்துகொண்டேன்.

லயத்தில் மற்றவர்கள் மரவள்ளியும் காட்டுக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மேனேஜர் கொடுத்த அரிசி வெந்தது. பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு நாள் அப்பாவிடமே கேட்டேன்: “அப்பா, காத்துல கரண்டு வரும்ல?”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: “நீ படிச்சவ. நீ வரும்னு சொன்னா வரும்.”

நான் பூரித்துப்போனேன்.

பெரிய பார்ட்டி மழை விட்ட பிறகுதான் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் பாதையில் ஜீப் ஏறாது. ஜீப் ஏறுகிற மாதத்தில் காற்று ஏறாது. இதை மேனேஜர் யோசித்திருந்தார், நான் யோசிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கள் வீட்டில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. அப்போது சங்கு ஊதியது.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஊதிய சங்கு. முதலில் ஒரு முனகலாகத் தொடங்கி, ஏறி, மலை முழுவதும் நிறைந்தது. அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டாள். பரணிலிருந்து கூடையை இழுத்தாள், இடுப்பில் சாக்கைச் சுற்றினாள், ஓடினாள். அத்தனை வீட்டிலிருந்தும் ஓடினார்கள். ஞாயிறு என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலை என்று யாரும் சொல்லவும் இல்லை. சங்கு ஊதினால் கால் தானாக இறங்கும். பக்கத்து வீட்டு அத்தை அழுதுகொண்டே ஓடினாள். கூடை தலைகீழாக இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “கேட்டீங்களா? காத்து சங்கு ஊதுது மாமா! கேட்டீங்களா?”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் பின்னால் வந்தார்.

பெரட்டுக்களத்தில் பழைய வரிசையிலேயே நின்றார்கள். அந்த ஒரு வருடத்தில் இறந்துபோனவர்களின் இடத்தைக்கூட விட்டுவிட்டு நின்றார்கள். சங்கு அடங்கியது. பேக்டரி வராந்தாவில் மேனேஜரோடு வெளுத்த சட்டைக்காரர்கள் சிலர் நின்று வரிசையைப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். பிறகு கைகொடுத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். மேனேஜரும் கூடவே போனார்.

ஆட்கள் கலையவில்லை. இரண்டாவது சங்கு இன்னும் ஊதவில்லை. அது ஊதினால்தானே பேர் கூப்பிடுவார்கள்? கூடையோடு நின்றார்கள்.

மூடுபனி விலகத் தொடங்கியது. முதலில் பேக்டரிக் கூரை தெரிந்தது, பிறகு சரிவு, பிறகு முகடு. முகட்டில் காற்றாடி தெரிந்தது. மூன்று இறக்கைகளும் அசையாமல் நின்றன. ஒரு குருவி மேல் இறக்கையில் வந்து உட்கார்ந்தது.

ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். “பேட்டரி” என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமாவின் கேலிக்காகக் காத்திருந்தேன். அவர் அந்த இறக்கைகளைப் பார்த்தார், வரிசையில் அப்பா இல்லாததைப் பார்த்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முகட்டை நோக்கி ஓடினார். அம்மா என்னை விடவில்லை.

அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு மாமா இறங்கினார். அப்பாவின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கம் திரும்பியிருந்தது. பெரட்டுக்களத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வரிசை வழிவிட்டது, உதவிக்கு ஒரு கைகூட வரவில்லை. “தின்ன அரிசிக்கு ஊதினான் சங்கு” என்று ஓர் ஆண் குரல் சொன்னது. அதையும் பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன். மாமா நிற்காமல் விதுரையை நோக்கி நடந்தார். இடையில் ஒரு மரலாரி ஏற்றிக்கொண்டது என்று அம்மா பின்னால் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்ட பிறகு அப்பா மாமாவிடம் சொன்னது ஒன்றுதான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“பள்ளிக்கூடத்த மட்டும் நிறுத்தாதீங்க மச்சான். அவ சொன்னது பொய்யில்ல. நாந்தான்…”

அந்த வாரமே சாமான்களோடு பஸ் ஏறினோம். வளைவில் திரும்பும்போது காற்றாடி கடைசியாகத் தெரிந்தது. “விசிறியச் சரியாக்கப் போயிதானே மாமா அப்பாவுக்குக் கை போச்சு?” என்று கேட்டேன்.

மாமா சன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஓ… அதே மோளே. விசிறியச் சரியாக்கப் போயிதான்.”

கடை முதலாளி வீட்டுக் குழந்தையைப் பற்றிய பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அப்பாவின் கை கோணலாகவே சேர்ந்தது, மூட்டைக்கு உதவாது. குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். கொழுந்து கிள்ளிய அம்மாவின் விரல்கள் மிளகாய்க் காம்பு கிள்ளின. எரியும் கையை மோரில் முக்கி வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே என்னைப் படிக்கச் சொல்வாள். புதுப் பள்ளிக்கூடத்தில் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்: காற்றிலிருந்து கரண்டு எடுக்கப் போய் என் அப்பா கையை உடைத்துக்கொண்டார்.

பாலிடெக்னிக் முதல் வருடம், ஒர்க்‌ஷாப்பில் டீசல் என்ஜினைக் காட்டினார்கள். கையால் சுற்றிக் கிளப்புகிற பழைய என்ஜின். சார் டேங்க் மூடியைத் திறந்தார். அப்பாவின் சட்டை வாசனை வந்தது.

“ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது. என்ஜின் திருப்பி அடிச்சா கை போகும்” என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தகர ஷெட்டுக்குள் இருந்தது இதுதான். முதல் சங்கோடு நின்றுபோன என்ஜினை, இரண்டாவது சங்குக்காக அப்பா அவசர அவசரமாகச் சுற்றியிருக்கிறார். கீழே பெரட்டுக்களத்தில் என்னையும் சேர்த்து எல்லாரும் காத்துக்கொண்டிருந்த சங்கு.

அதே வருடம்தான் இன்னொன்றும் படித்தேன். காற்றின் வேகம் பாதியானால் கரண்டு பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். தகட்டில் எழுதுவது நல்ல காற்றில் மிஞ்சிப்போனால் கிடைப்பது. அது முழுசாக வந்தாலும் அந்தப் பேக்டரியின் ஒரு மூலைக்குப் போதாது. அந்தப் பல்பு பொய்யில்லை. லயத்தில் வரும் என்றோம், வராது என்றோம். எவ்வளவு வரும் என்று கேட்டவர் மாமா ஒருவர்தான், அதையும் அரிசிக் கணக்கில் கேட்டதால் நான் பதில் தேடவில்லை.

அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. போன மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை கிடைத்தது. மாமாவுக்கு இப்போதும் நம்பிக்கையில்லை. “வேற வேலயே கெடைக்கலியா மோளே? மறுபடியும் விசிறியா?” என்றார். அப்பா தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். பையைக் கோணல் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “எவ்வளவு வரும்மா அதுல?”

“பாத்துட்டுச் சொல்றேன்பா.”

நேற்றுக் காலை கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. இடுப்பில் பட்டை மாட்டி, தொப்பி போட்டு, கோபுரத்தின் கதவருகே என்னை நிறுத்தினார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கோபுரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். பின்னால் ஷெட் ஏதும் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். புழுதி வாசனைதான்.

உள்ளே போய் ஏணியில் கால் வைத்தேன்.