ஒரு தொட்டி, மூன்று வீடு, நிறைய பிளீச்சிங் பவுடர்

போன மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கெட்டது. எனக்கு, மனைவி மாலதிக்கு, கல்லூரியில் படிக்கும் மகள் நித்யாவுக்கு. டாக்டர் சொன்னபடி குழாய்த் தண்ணீரை லேபுக்குக் கொடுத்தேன். ரிசல்ட்? பாக்டீரியா.

குடிப்பதற்கு ஃபில்டர் இருக்கிறது. ஆனால் பல் தேய்ப்பதும் காய்கறி கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தானே...

டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் பழைய கட்டடம். மூன்று வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி. மேல் வீட்டு சோப்ராஜியிடமும் எதிர் வீட்டு சென் மேடத்திடமும் விஷயத்தைச் சொல்லி, பிளீச்சிங் பவுடர் போடலாம் என்றேன். இருவரும் "அச்சா, அச்சா" என்றார்கள். டெல்லியில் அந்த அச்சாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒன்றும் நடக்காது என்று அர்த்தம்.

சனிக்கிழமை சாயங்காலம் நானே மாடிக்குப் போனேன். பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றினேன். பாக்கெட்டில் போட்டிருந்த அளவுதான். அப்போதே நெடி மூக்கைத் துளைத்தது. என் வாளியின் நெடி என்றே நினைத்தேன்.

ஞாயிறு காலை குழாயைத் திறந்தால் கண் எரிந்தது. ஊறவைத்த நீலப் புடவை திட்டுத் திட்டாக வெளுத்தது.

"எவ்வளவு போட்டிய?" என்றாள் மாலதி. அவளுக்குத் திருநெல்வேலி.

"அளவாத்தான் போட்டேன்."

"அப்பா, இட்லில ஸ்விம்மிங் பூல் ஸ்மெல் வருது," என்றாள் நித்யா.

காலிங் பெல் அடித்தது. இடுப்பில் துண்டோடு சோப்ராஜி. அன்று மாலை அவர் மகனுக்கு நிச்சயதார்த்தம். அதற்காகக் கருகருவென்று டை அடித்திருந்த மீசை, செம்பட்டையாகியிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மாஃப் கர்னா, பாய்சாப். கல்தி மேரி ஹை."

தப்பு அவருடையதாம். எப்படியும் நான் செய்யமாட்டேன் என்று, சனிக்கிழமை மத்தியானமே அவர் பவுடரைக் கொட்டியிருக்கிறார். சத்தம் கேட்டு வெளியே வந்த சென் மேடத்தின் முகம் மாறியது. அவர் அதற்கும் முன்னால், சனிக்கிழமை காலையிலேயே போட்டுவிட்டாராம்.

நானும் ஒப்புக்கொண்டேன். மாலதி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கம்மியாத்தான் போட்டிருப்பியன்னு... நீங்க இறங்கினதும் நான் போயி கொஞ்சம் ஊத்துனேன்."

நாலு பேருமாகத் தொட்டியைக் காலி செய்தோம். மறுபடி தண்ணீர் வருவது மறுநாள் காலைதான். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று குடும்பமும் குளிக்காமல், சென்ட் அடித்துக்கொண்டு போனோம். பெண்ணின் அப்பா சோப்ராஜியைத் தனியே அழைத்தபோது, குளிக்காதது தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் வேறு. மீசை ரொம்ப இயற்கையாக இருக்கிறதாம், என்ன டை என்று கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரே ஒரு தடவை, அளவாக மருந்து போட்டோம். புது ரிப்போர்ட்டில் பாக்டீரியா இல்லை. ஆனாலும் என் சந்தேகம், அது முதல் வாரமே போயிருக்கும் என்பதுதான் —

ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இடத்தில் கிருமிகூடப் பிழைக்க முடியாது.