மஞ்சள் கலந்த மண்

சாவிகள் போட்டுவைக்க என் வீட்டில் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. மூடி எப்போதோ உடைந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில், கிளிநொச்சிப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் வேலைசெய்தபோது அதில் கிருமி வளர்த்தோம். மருந்து லொறி வருவதும் வராததும் சண்டையால் மூடித் திறக்கிற பாதையின் தயவு. மண்வெட்டி பட்ட காயங்கள் சீழ் வைத்து நாறும். கழுவ உப்புத் தண்ணீர்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எங்கள் டொக்டரம்மா, இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில்தானே இருக்கின்றன, எங்கள் மண்ணில் மட்டும் இல்லாமலா போகும் என்று தேடத் தொடங்கினார். கிடைத்தால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்பது அவருடைய எண்ணம். வருகிற சனத்திடமெல்லாம் ஒரு பிடி மண் கேட்டார். எனக்கு எரிச்சல்தான், இருக்கிற வேலை போதாதா?

ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு பெண் மண் கொண்டுவந்தார். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கணவர் எங்கள் வாட்டில் படுத்திருந்தார், கால் அழுகிக்கொண்டிருந்தது. சீழ்க்கிருமி பரப்பிய இந்தத் தட்டில் அந்த மண்ணைத் தூவினோம். மறுநாள் பார்த்தால், மண் விழுந்த இடத்தைச் சுற்றித் தெளிந்த வட்டம். அதற்குள் கிருமியே இல்லை. டொக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அந்த மண்ணின் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தபோது ஒன்றுகூட வட்டம் போடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து களைத்தோம். கடைசியில் டொக்டரம்மா அந்தப் பெண்ணையே கூப்பிட்டார்.

"அம்மா, இந்த மண்ணை எங்கை எடுத்தனீங்கள்?"

"நம்ம தோட்டத்துலதாங்க. மருந்துக்குப் போற மண்ண வெறுமனே குடுக்கலாமுங்களா? மஞ்சளும் வேப்பிலையும் இடிச்சுக் கலந்து, சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டுத்தான் கொண்டாந்தேன்."

நின்றுகொண்டிருந்த டொக்டரம்மா பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த வாரமே கணவரின் காலை எடுக்க வேண்டியதாயிற்று. இந்த ஆய்வு அவருக்கு உதவாது என்று முன்பே சொல்லித்தான் இருந்தோம். ஆனாலும் அந்தப் பெண் வாட் வாசலில் டொக்டரம்மாவை மறித்தார்.

"நான் மஞ்சள் போட்டதாலதான் அவரு காலு போச்சுங்களா?"

"இல்லையம்மா. மருந்து வரேல்லை. அதாலைதான்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது என் மகன் சளி, தடிமனுக்குக்கூட அன்டிபயோட்டிக் வாங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சக் குளிசைகளை இந்தத் தட்டில் போட்டுவிட்டுப் போகிறான். அவனைத் திட்டக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது. குளிசைகளை எடுத்துவிட்டு வெறும் தட்டைப் பார்க்கிறேன். அன்று இதில் கிருமியைக் கொன்றது அந்தப் பெண் இடித்துக் கலந்ததுதான். அதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.